படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவரின் சோர்வும் விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதத்தில் விழுந்த தாயை, மறதி நோயில் பிள்ளைகளின் பெயரையே தொலைத்துவிட்ட தகப்பனை, எழுந்து நடக்க இயலாத கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம் சபைகளில் ஏராளம். நோயாளிக்காக ஜெபிக்கப் பலர் வருகிறார்கள். அந்தக் கட்டிலின் அருகே இரவும் பகலும் நிற்பவரிடம், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. என் தாயாரை நான்கரை ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்த நாட்களில், கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவற்றை நானே எனக்குள் கேட்டிருக்கிறேன். அதன்பின் இதே நிலையில் இருக்கும் சகோதரிகளும் சகோதரர்களும் என்னிடம் கேட்டவற்றையும் சேர்த்து, நான் கற்றுக்கொண்ட அளவில் பதில் எழுதுகிறேன்.

நான் இவ்வளவு சோர்ந்துபோவது என் விசுவாசக் குறைவைக் காட்டுகிறதா?

இல்லை. யோவான் சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரம், இயேசு பிரயாணத்தினால் இளைப்படைந்து கிணற்றருகே உட்கார்ந்தார் என்று சொல்கிறது. வேறொரு நாள், அலைகள் படவில் மோதிக்கொண்டிருக்கையில் அவர் பின்னணியத்தில் தலையணை வைத்து உறங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். களைப்பு பாவமாக இருந்திருந்தால், பாவமில்லாத அவருக்கு அது வந்திருக்காது.

மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக் கூடாது, இது எனக்கு மிஞ்சின பாரம் என்று முறையிட்டு, இப்படியே நடத்துவதானால் என்னைக் கொன்றுபோடும் என்று கேட்கும் அளவுக்கு அவர் உடைந்துபோகிறார். முலையுண்கிற பாலகனைத் தூக்கிச் செல்வதுபோல் இவர்களை நான் தூக்கிச் செல்ல வேண்டுமா என்று அவர் கேட்கும் வரி, பெரியவர் ஒருவரைக் குழந்தைபோல் தூக்கிக் குளிப்பாட்டியவர்களுக்கு நன்றாகவே புரியும். அதற்குத் தேவன் கொடுத்த பதிலில் கண்டனம் எதுவும் இல்லை. பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள எழுபது மூப்பரைக் கூட்டிவரச் சொன்னார். அந்த எழுபது என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்களில் அது உதவும்.

சோர்ந்துபோனவனுக்குத் தேவன் உண்மையில் என்ன செய்கிறார்?

இந்தக் கேள்விக்கு வேதத்தில் நான் கண்ட மிகத் தெளிவான பதில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, இராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார். அதற்குப்பின் நடப்பதைப் பலமுறை வாசித்தும், அதன் வரிசையை நான் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாவின் துணியை மாற்றிவிட்டு, உறக்கம் வராமல் அந்த அதிகாரத்தைத் திறந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

முதலில் அவர் உறங்குகிறார். தூதன் வந்து தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. தின்று குடித்துவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார், தூதனும் அவரை விட்டுவிடுகிறான். இரண்டாம் முறை வந்தபோதும் சாப்பாட்டைத்தான் நினைவூட்டுகிறான். அப்போது சேர்த்துச் சொல்லும் காரணம், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது மட்டுமே. எலியாவின் பயத்தைப் பற்றியோ ஓடிவந்ததைப் பற்றியோ அங்கே ஒரு சொல் இல்லை. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, அந்தப் போஜனத்தின் பெலத்தில் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகே வருகிறது.

தேவன் ஒரு தீர்க்கதரிசியிடம் அப்பத்தையும் தூக்கத்தையும் முன்வைத்து, பேச்சைப் பின்னால் வைத்திருக்கிறார் என்றால், நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்குவது சரியாகாது. காலைச் சாப்பாட்டைப் பதினொன்றரை மணிக்கு நின்றுகொண்டே விழுங்கிவிட்டு, "எனக்கு ஏன் ஆவிக்குரிய பெலன் இல்லை?" என்று கேட்கும் சகோதரிக்கு நான் முதலில் சொல்வது, உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பதே. அதையும் தேவனுடைய வார்த்தையாகவே சொல்கிறேன்.

பெலனுக்காக நாள்தோறும் ஜெபிக்கிறேன். ஏன் அது வரவில்லை?

"கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்ற ஏசாயா 40ஆம் அதிகார வசனத்தைக் காலண்டரில் பார்த்துப் பார்த்து, பெலன் என்பது ஒரு நாள் காலையில் என் உடம்புக்குள் ஏதோ ஒன்று இறங்குவதுபோல் வரும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி வந்ததாகச் சாட்சி சொல்பவர்களை நான் சந்தேகிக்கவில்லை. எனக்கு அது வேறுவிதமாக வந்தது, அது வந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டம் மிகுதியாக இருந்ததால் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று மாற்கு எழுதுகிறார். அந்த நால்வரும் ஒரு வார்த்தை பேசியதாகக் கதையில் இல்லை. சுமந்ததும் கூரையைப் பிரித்ததுமே அவர் கண்ட விசுவாசம். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அந்தப் படுக்கையின் நான்கு மூலைகளையும் ஒரே ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிறாள். நோயாளியை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அதை ஒருவரே ஆண்டுக்கணக்கில் செய்ய முடியும் என்று வேதத்தில் எங்கும் வாக்குத்தத்தம் இல்லை.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்த, எங்கள் சபையைச் சேராத ஒரு அக்கா, நான் கேட்காமலேயே ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் வந்து, "நீ போய்ப் படு, நான் அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்" என்றார். நான் மறுத்தேன். அவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, பூத்தொடுக்கக் கொண்டுவந்திருந்த பிச்சிப்பூவை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டரை மணிநேரம் உறங்கி எழுந்தபோது, அம்மாவின் தலையில் ஒரு சிறிய சரம் இருந்தது. அதன்பின் வியாழக்கிழமைதோறும் வந்தார். பல மாதங்கள் கழித்தே, நான் பெலனுக்காகச் செய்த ஜெபத்தின் பதில் வியாழக்கிழமைகளில் என் வாசற்கதவைத் தட்டிக்கொண்டிருந்தது என்று எனக்கு உறைத்தது. எலியாவின் தலைமாட்டில் இருந்த அடையை யாரோ ஒருவர் சுட்டிருக்கத்தானே வேண்டும்?

ஆகவே, பெலன் வரவில்லை என்று முடிவுசெய்யும் முன், அது நீங்கள் எதிர்பார்த்த உருவத்தில் வராமல் வேறு உருவத்தில் வந்து நின்றதா, அதை "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டோமா என்று ஒருமுறை பாருங்கள்.

உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டால் மற்றவர்களுக்குப் பாரமாகிவிட மாட்டோமா?

யாத்திராகமம் 17இல், அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில் உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று கைகளைத் தாங்கினார்கள். மோசே அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தார். தேவனுடைய கோலைக் கையில் வைத்திருந்த மனிதர் உட்காரச் சம்மதித்தார் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள் என்பது அனுபவத்தில் நான் கண்டது. "எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் மக்கள் ஜெபித்துவிட்டுப் போய்விடுவார்கள், அதில் அவர்கள்மேல் தவறில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அம்மா பக்கத்தில் உட்கார முடியுமா?", "சனிக்கிழமை ஒருவேளை குழம்பு வைத்துத் தர முடியுமா?", "மருந்துக் கடைக்குப் போய்வர முடியுமா?" என்று கேட்டால், பலர் முகம் மலர்ந்து ஒப்புக்கொள்வார்கள். என்ன செய்வதென்று தெரியாமலே அவர்கள் இதுவரை ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிவந்துகொண்டிருந்தார்கள்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைச் சொல்லி, தாங்கிக்கொள் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் அது. பவுல் அதைக் காவலில் கட்டப்பட்டிருந்தபோது எழுதினார். அதற்கு முந்தைய வசனங்களில், தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். எந்த நிலையிலும் கிறிஸ்துவைவிட்டுப் போகாமல் நிலைத்திருக்கும் பெலத்தையே அவர் சொல்கிறார். முடிவே இல்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும் உடம்பை யாரும் தனக்கு வாக்களித்ததாக அவர் சொல்லவில்லை.

அடுத்த வசனத்தைச் சேர்த்து வாசித்தால் பொருள் முழுமையாகும். "ஆகிலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்கிறார் பவுல். அந்த நிருபத்தின் ஒரு நோக்கமே, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்வதுதான். ஆகவே 13ஆம் வசனத்தை ஒருவர் உங்களிடம் சொன்னால், 14ஆம் வசனத்தை அன்போடு அவருக்கு நினைவுபடுத்துங்கள். வசனத்தைக் கொண்டுவந்த கை, உதவியையும் கொண்டுவரலாம்.

ஜெபிக்கவே முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது. நான் தேவனைவிட்டு விலகிப்போகிறேனா?

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி அந்தோணியாரைப் பற்றி, பழைய துறவியர் வழிவழியாகச் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.பி. 356இல் மறைந்த அவர், ஒரு காலத்தில் கடுமையான மனச்சோர்வில் வீழ்ந்து, ஜெபிக்க விரும்பியும் எண்ணங்கள் தன்னை விடவில்லையே என்று முறையிட்டாராம். சற்று நேரத்தில் தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், பின் எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து கயிறு திரிப்பதையும் கண்டார். அது அவரைத் திருத்த அனுப்பப்பட்ட தூதன் என்கிறது அந்த மரபு. கைவேலையும் ஜெபமும் மாறிமாறி வரும் அந்த நடையே அவருக்குக் கிடைத்த மருந்து.

நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு மணிநேரம் முழங்காலில் நிற்க வாய்ப்பில்லை. ஆனால் கைவேலை ஓயாமல் இருக்கிறது. அம்மாவைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் "கர்த்தாவே, இரங்கும்" என்று இரண்டு சொல் சொல்லப் பழகினேன். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கும் பத்து நிமிடங்களில், சிறுவயதில் மனப்பாடம் செய்த 23ஆம் சங்கீதத்தை அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லுவேன். பேச்சு போய்விட்டிருந்த அம்மாவின் உதடுகள், "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்ற இடத்தில் சில நாட்கள் அசையும்.

சொல்லே வராத நாட்களும் உண்டு. ரோமர் 8ஆம் அதிகாரம், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நீங்கள் விடும் பெருமூச்சை ஜெபமாகக் கேட்க ஒருவர் இருக்கிறார். 88ஆம் சங்கீதத்தையும் அந்த நாட்களில் வாசியுங்கள். நம்பிக்கையான ஒரு வரியில்கூட முடியாத சங்கீதம் அது, ஆயினும் பரிசுத்த வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது.

ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாமல் மாதக்கணக்காகிறது. என்ன செய்வது?

ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லி, திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். நோயாளிக்கு மட்டும் என்று எண்ணாமல் உங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலான சபைகளில் இதற்கு வழக்கம் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. மாதத்தில் ஒரு ஞாயிறாவது வேறொருவரை நோயாளியின் அருகே இருத்திவிட்டு நீங்கள் கோவிலுக்குப் போய்வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பாட முடியாவிட்டாலும், மற்றவர்கள் பாடுவதன் நடுவே உட்கார்ந்திருப்பதே உடம்பை இளக்கிவிடும்.

உடன்பிறந்தவர்கள் பணம் மட்டும் அனுப்புகிறார்கள், அல்லது ஊழியம் இருக்கிறது என்று விலகிக்கொள்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்வதுதான் கிறிஸ்தவமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். கேட்டுவிட்டு உடனே, "நான் குறை சொல்லவில்லை" என்று சேர்த்துக்கொள்வார். குறையைச் சொல்லலாம், இயேசுவே சொல்லியிருக்கிறார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று பேர் சொல்லித் தவிர்த்துக்கொள்வதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்பது அவர் சொன்ன வார்த்தை. காணிக்கை கெட்டதல்ல, ஊழியமும் கெட்டதல்ல. ஆனால் பெற்றவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமலிருக்க அவை காரணமாகக் காட்டப்பட்டால், அங்கே கொர்பான் நடக்கிறது.

பணம் அனுப்புவதைச் சிறிதாகப் பேச வேண்டாம். வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பும் தம்பியின் பணம் அம்மாவின் ஏர் பெட்டுக்கும் டயப்பருக்கும் ஆகிறது. அவனும் ஒரு மூலையைப் பிடித்திருக்கிறான். அவனால் வர முடியாத இடத்தை நிரப்ப, ஆண்டுக்கு இருபது நாட்கள் விடுப்பில் வந்து பொறுப்பை முழுவதும் ஏற்றுக்கொள்ளும்படியோ, இரவுக்கு ஒரு ஆளை அமர்த்தும் செலவை ஏற்கும்படியோ கேட்கலாம். கோபம் உச்சத்தில் இருக்கும் இரவில் கேட்காமல், என்னென்ன வேலை, எத்தனை மணிக்கு, என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கூடியிருக்கும் ஒரு நாளில் நடுவில் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் பார்த்து என் அண்ணன் அழுதார். அதுவரை அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

வேலைக்கு ஆள் வைப்பதும், சில நாட்கள் விலகி ஓய்வெடுப்பதும் தன்னலம் இல்லையா? ஊர் என்ன சொல்லும்?

ஓய்வுநாள் கட்டளை உபாகமம் 5இல் ஒரு காரணத்தோடு வருகிறது: நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினை. ஓய்வில்லாமல் வேலை வாங்கப்படுவது அடிமையின் நிலை. அந்த நிலையிலிருந்து விடுவித்த தேவன், மீண்டும் அந்த நிலைக்கு உங்களைத் தள்ளுவதில் மகிழ மாட்டார். போஜனம்பண்ணவும் நேரமில்லாமல் இருந்த சீஷர்களை, வனாந்தரமான ஓரிடத்தில் சற்றே இளைப்பாற வாருங்கள் என்று அழைத்ததும் இயேசுதான். அன்றும் நோயாளிகள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிலுவையில் தொங்கும்போது இயேசு தம் தாயைத் தம் சீஷனிடம் ஒப்படைத்தார். "அதோ, உன் தாய்" என்று சொல்லி, அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வேறொருவர் கையில் கொடுத்தார். அன்பு குறைந்ததால் அவர் அப்படிச் செய்யவில்லை. தாயை இன்னொருவர் கையில் ஒரு வாரம் ஒப்படைத்துவிட்டுப் போகத் தயங்கும் பிள்ளைக்கு இந்தக் காட்சியைத் தவிர வேறு நியாயம் தேவையில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்தின் உந்துதலால், முதலில் செவிலியராகவும் பிறகு மருத்துவராகவும் பயிற்சி பெற்ற சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற இல்லத்தை நிறுவியபோது, மரிப்பவரின் உடல் வலியோடு மனவலியையும் ஆவிக்குரிய வலியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், குடும்பத்தாரையும் கவனிக்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தார். வலி தணிப்புச் சிகிச்சை என்று இன்று நாம் அறியும் துறை அங்கிருந்து வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருவதோடு, வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யக் கேளுங்கள். நான் வெகு தாமதமாகவே கேட்டேன். முன்பே கேட்டிருந்தால் என் முதுகு தப்பியிருக்கும்.

அவர்மேல் எரிந்துவிழுந்துவிட்டேன். "சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்" என்றுகூட ஜெபித்துவிட்டேன். எனக்கு மன்னிப்பு உண்டா?

உண்டு. நானும் அப்படி ஜெபித்தேன். ஒரே இரவில் நான்காவது முறை விரிப்பை மாற்றும்போது, அம்மாவின் கையைச் சற்று முரட்டுத்தனமாக ஒதுக்கினேன். அம்மா ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் என்னிடம் இருக்கிறது. காலையில் அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல கையால் என் விரலை அழுத்தினார்.

செய்தது தவறென்றால் அறிக்கையிடுங்கள், அது எந்த அளவோ அந்த அளவுக்கு. அதற்குமேல் உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்க வேண்டாம். துன்பம் முடிய வேண்டும் என்ற ஏக்கத்தில் எழுந்த ஜெபத்தை, எலியாவிடமும் மோசேயிடமும் அதே சொற்களைக் கேட்டுக் கோபப்படாத தேவன் அறிவார். அதோடு ஒரு கணக்கையும் பாருங்கள்: அப்படி எரிந்துவிழுந்த இரவுகளுக்கு முன்னால் நீங்கள் எத்தனை மணிநேரம் தூங்கியிருந்தீர்கள்? கடுமையாக நடந்துகொள்ளும் அளவுக்குப் போய்விட்டீர்கள் என்றால், அன்றே வேறொருவரை அழைத்து அருகில் இருத்துவது உங்கள் இருவரையும் காக்கும்.

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

இல்லவே இல்லை. தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் வயிற்றுக்காகவும் என்ன குடிக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஜெபி என்று மட்டும் எழுதி விட்டுவிடவில்லை. இந்தியாவில் 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்து உபவாசம் இருக்கும் சகோதரிக்கு இரும்புச்சத்து மாத்திரை தேவையாக இருக்கலாம். தைராய்டுக் குறைவும் சர்க்கரை நோயும் இதே களைப்பைத் தரும். ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பற்றில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்கும் மருந்து உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அதே மணிநேரத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். எலியாவைத் தட்டியெழுப்பிய தூதனைப்போல அந்த அழைப்பை எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையில் இருப்பவர், "நான் எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்று அழுகிறார். அவருக்கு என்ன சொல்வது?

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொல்லலாம். 1895இல் இந்தியா வந்தவர், அதன்பின் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் மறையும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், அந்தப் பிள்ளைகளின் கைகளில் தம்மைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார். அந்த அறையிலிருந்தபடியே பல நூல்களை எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து அவரைப் பார்த்துப் போனார்கள்.

எழுத இயலாத, பேச இயலாத நோயாளிகளுக்கு இந்த உதாரணம் முழுவதும் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது எளிமையானது: "நீங்கள் எங்களைச் சுமந்தீர்கள், இப்போது நாங்கள் சுமக்கிறோம்." சொல்லிவிட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். ஆனாலும் சோர்வு தீரவில்லை, இரவில் விழிப்பு வருகிறது. ஏன்?

உடம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. ஆண்டுக்கணக்கில் இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு இரண்டு மணிக்கு எழும்; பல மாதங்கள் ஆகலாம். அடக்கத்துக்கு மறுநாளே, "இனி உனக்கு ஓய்வுதான்" என்று மற்றவர்கள் சொல்லும்போது, கைகளுக்கு வேலை இல்லாத வெறுமை எவ்வளவு பெரிது என்று அவர்களுக்குத் தெரியாது. கல்லறைக்கு அதிகாலையில் சுகந்தவர்க்கங்களோடு போன பெண்களை நினைத்துக்கொள்கிறேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தும், அந்தச் சரீரத்துக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்கள் கைகள் தேடின. அந்தத் தேடலோடு போனவர்களுக்கே உயிர்த்தெழுதலின் செய்தி முதலில் சொல்லப்பட்டது.

இந்த நாட்களில் பெரிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம். தூக்கம் வரும்போதெல்லாம் தூங்குங்கள். சாப்பிட யாராவது அழைத்தால் போங்கள்.

அம்மா போன இரண்டாம் மாதம், ஏர் பெட்டையும் மீந்திருந்த பருத்தி விரிப்புகளையும் துவைத்து மடித்து, எங்கள் சபையில் அப்போதுதான் பக்கவாதத்தில் விழுந்திருந்த ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருடைய மனைவி வாசலில் நின்று, "உள்ளே வாங்க" என்றுகூடச் சொல்ல முடியாத களைப்பில் இருந்தார். நான் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அன்று வியாழக்கிழமை.